ஒன்பது தந்தியும் ஒரு கொட்டாஞ்சேனைக் கல்யாணமும்

ஒன்பது தந்தி பேஸ் கிட்டார் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன், அதை வாங்கிவரக் கொழும்புக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி சாந்தி இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டாள். “உங்களுக்கு விரல் எத்தனை?”

பத்து என்றேன். “தந்தியை அழுத்துற கையில?” நான்கு என்றேன். கட்டைவிரல் கிட்டாரின் நீளக் கழுத்தான நெக்குக்குப் பின்னால் போய்விடும். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏற்கெனவே ஐந்து தந்தி ஒன்று பீரோவுக்குப் பின்னாலும் ஆறு தந்தி ஒன்று கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன. வீடு கூட்டுகிறவள் என்ற முறையில் அவளுக்கு என் சங்கீதத்தின் நீள அகலம் நன்றாகத் தெரியும்.

நான் மதுரையில் பல் டாக்டர். பகலில் அடுத்தவர் வாய்; மாலையில், இருபது வருடம், ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். பேஸ் வாசிப்பவன் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேடையில் பாடகர்களுக்குப் பின்னால், ஸ்பீக்கருக்கும் மின்விசிறிக்கும் நடுவில் ஒருவன் நின்றுகொண்டிருப்பானே, போட்டோவில் பாதி முகம் மட்டும் விழுமே, அவன்தான். அவன் கையில் இருப்பதற்கு உலகம் முழுக்க நான்கு தந்தி.

எங்கள் குழுவின் ட்ரம்மர் பாஸ்கர். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து பெஞ்சு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு திருவிழா மேடையில் பாட்டின் நடுவே நான் கொஞ்சம் உற்சாகமாகி, பாடகருக்கு இடம் கொடுக்காமல் அரை நிமிடம் தனியாக வாசித்துவிட்டேன். பாட்டு முடிந்ததும் மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாஸ்கர் சொன்னான்: “டேய், முதல்ல நாலு தந்தியை ஒழுங்கா வாசிடா.” மைக் அணையவில்லை. மைதானமே சிரித்தது. முன்வரிசையில் என் பேஷண்ட் இரண்டு பேர், நான் கட்டிய பல்லோடு சிரித்தார்கள்.

அன்றோடு குழுவிலிருந்து விலகினேன். பாஸ்கரோடு பேச்சு வார்த்தை இல்லை. ஐந்து தந்தி வாங்கினேன், பிறகு ஆறு. கிளினிக்கை மூடிவிட்டுத் தனியாக உட்கார்ந்து வாசித்தேன். கடைசியில் ஒன்பது என்று முடிவு செய்தேன். அடித்தளமும் நானே, நடுவில் வருவதும் நானே, மேலே வரும் மெட்டும் நானே. ட்ரம்மர் உட்பட ஒரு பயலும் தேவையில்லை. பழைய குழுவின் வாட்ஸ்அப்பில் நான் இன்னும் இருந்தேன். அதிலிருந்தும் விலகினால், தான் சொன்னது உறைத்துவிட்டது என்று பாஸ்கர் நினைப்பான் அல்லவா. அதில் கால்வாசி செய்த பேஸின் போட்டோவைப் போட்டு ‘ஒன்பது’ என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதினேன். பத்துப் பேர் கைதட்டினார்கள். பாஸ்கர் பார்த்தான், ஒன்றும் எழுதவில்லை.

செய்துகொண்டிருந்தவர் கொழும்பு கொட்டாஞ்சேனை ஜெனிட்டா. இப்படி ஆளுக்கேற்ற பேஸ் செய்கிறவர்கள் மிகச் சிலர், அதிலும் தமிழில் பேசித் திட்டு வாங்கக்கூடியவர் இவர் ஒருவர்தான். என் இடது கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னார். வயிறு எவ்வளவு என்றும் கேட்டார். பேஸ் அதன்மேல்தான் உட்காரும். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். கடைசியாக ஒரு நிபந்தனை சொன்னார். “கல்யாணம் ஒண்டில வாசிச்சுக் காட்ட வேணும் டொக்டர். அதுக்குப் பிறகுதான் கையில தருவன்.” வெளிநாட்டு வித்துவானைக் கௌரவிக்கிறார்கள் என்று நினைத்து, கறுப்புப் பட்டில் ஒரு சட்டை தைத்துக்கொண்டேன்.

வியாழன் மாலை கொழும்பு வெள்ளவத்தை. கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், நம் ஊர்ச் சந்து மாதிரி, பவானி அக்காவின் வீட்டு மாடியில் அறை. அக்கா யாழ்ப்பாணம், அறுபதைத் தாண்டியவர், வந்தவனை உட்காரவைத்துத் தட்டைப் போட்டுவிட்டுத்தான் பெயரையே கேட்டார். புட்டு, மீன் குழம்பு, தேங்காய்ப்பாலில் செய்த சொதி. மதுரைக்காரனுக்குக் குழம்பு விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. வெள்ளையாக இருந்த சொதியைப் பார்த்து, பாவம், மிளகாய் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு மீன் குழம்பைத் தொட்டேன். சொதி எதற்கு என்று உடனே விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் சொதி குடித்தேன்.

“என்ன அலுவலா வந்தனீங்கள் தம்பி?”

சொன்னேன். ஒன்பது என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன்.

“ஒன்பது கம்பியோ?” அக்கா அகப்பையோடு நின்றார். “என்ர மகள் வீணை படிச்சவள். வீணைக்கே ஏழுதான். உங்களுக்கு என்னத்துக்கு ஒன்பது?”

“நிறைய வாசிக்கலாம்க்கா.”

“அப்ப வீணையில எல்லாம் வாசிச்சு முடிச்சிட்டினமோ?”

நான் இன்னொரு கிண்ணம் சொதி கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை ஸ்டேஷன் வரை தண்டவாளம் கடலை உரசிக்கொண்டே போகிறது. எங்கள் ஊர் ரயிலில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். இங்கே உட்கார இடம் இருந்தும் பாதிப்பேர் வாசலில் தொங்குகிறார்கள். நானும் நின்றேன். ஒரு அலை எழும்பிப் பாறையில் மோதி என் கண்ணாடியைக் கழுவிவிட்டது. பக்கத்தில் நின்றவர் தன் கைக்குட்டையை நீட்டினார். துடைத்துத் திருப்பிக் கொடுத்ததும் அதைப் பிழிந்து காட்டிச் சிரித்தார்.

கோட்டையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்துக் கொட்டாஞ்சேனை போய், ஜெனிட்டா கொடுத்த முகவரியில் இறங்கினால் அது ஒரு மலர்ச்சாலை. பூக்கடை இல்லை, இறுதிச் சடங்குக்கு எல்லாம் ஏற்பாடு செய்து தரும் இடத்துக்கு இங்கே அந்தப் பெயர். கண்ணாடிக்குப் பின்னால் மெருகேற்றிய சவப்பெட்டிகள் அளவு வாரியாக நின்றன. மேசையில் இருந்தவர் எழுந்து கைகட்டி, மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

“யாருக்கு ஐயா?”

“எனக்குத்தான்” என்றேன். “ஒன்பது தந்தி.”

அவர் முகத்திலிருந்த துக்கம் ஒரு நொடியில் கழன்றது. “ஓ, அந்த விசரா. பின்னால போங்க” என்றார். விசர் என்றால் அங்கே பைத்தியம்.

பின்கட்டில் பாதி சவப்பெட்டித் தச்சர்களுக்கு, பாதி ஜெனிட்டாவுக்கு. நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி தலையில், பென்சில் காதில், புருவமெல்லாம் மரத்தூள். வணக்கம் சொல்லவில்லை. என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “படத்தில கொஞ்சம் நீட்டி வரைஞ்சிருக்கிறீங்க என்ன?” என்றார். உண்மைதான். விரலை ஒரு அரை அங்குலம் கூட்டித்தான் வரைந்திருந்தேன்.

பிறகு துணியை விலக்கினார். மகோகனி உடல், கருஞ்சிவப்பில். சப்பாத்திப் பலகை அகலத்துக்கு நெக். அதன் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் நேராக இல்லாமல் விசிறி மாதிரி விரிந்து போயின. தடித்த தந்திக்கு நீளம் கூட வேண்டும், மெல்லியதற்குக் குறைவு, அதற்காக. நடுவில் வழக்கமான நான்கு. அவற்றுக்கு மேலே தடியன்கள் இரண்டு. அதில் கடைசித் தடியன் துணி காயப்போடலாம் போல இருந்தது. கீழே மெல்லியவை மூன்று. எனக்குக் கல்யாணமாகி முதல் குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது விரல்களை எண்ணிப் பார்த்த மாதிரியே குனிந்து தந்திகளை எண்ணிப் பார்த்தேன். சாந்தியிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

மடியில் வைத்து வாசித்தேன். வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஒன்பது தந்தி வாசிப்பது என்றால் ஒன்றை ஒலிக்க வைத்து மீதி எட்டை அதட்டி வைப்பது. விட்டால் எல்லாம் சேர்ந்து உறுமும். அதற்காகவே என் மகளின் தலைமுடி பேண்டு ஒன்றை நெக்கின் நுனியில் மாட்டுவேன். ஜெனிட்டா அதைக் கழற்றித் தூரப் போட்டார்.

“நாளைக்கு ஹெந்தளையில கல்யாணம். ரெஜி அண்ணன்ட பேண்ட். அவங்கட பேஸ்காரனுக்கு ஒருநாள் லீவு குடுத்திருக்கு. நீங்க வாசிக்கிறீங்க.”

“ஸ்பெஷல் ஐட்டமா எத்தனை பாட்டு?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகுதான் விஷயத்தை உடைத்தார். சாக்பீஸ் தூளையும் கோந்தையும் தண்ணீரில் குழைத்து ஒன்பது தந்தியிலும் மெல்லப் பூசுவார். காய்ந்தால் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். விரல் அழுத்திய இடத்தில் உடைந்து உதிரும். நாலு மணிநேரக் கல்யாணம் முடிந்ததும் பார்ப்பார். எந்தத் தந்தியில் வெள்ளை அப்படியே இருக்கிறதோ, அதைக் கழற்றி, அதை முறுக்கும் கீயைப் பிடுங்கி, துளையை மரத்தால் அடைத்து, நெக்கின் ஓரத்தைச் சீவிவிடுவார். அதற்காகத்தான் ஒவ்வொரு தந்தியையும் அடியில் தாங்கத் தனித்தனி பிரிட்ஜ். அதற்காகத்தான் பொலிஷ் இன்னும் போடவில்லை.

“ஏங்க, நான் ஆர்டர் பண்ணது ஒன்பது!”

“வாசிக்காத தந்தியும் நெக்கை இழுக்கும் டொக்டர். சும்மா இருந்துகொண்டு இழுக்கும். ரெண்டு வருசத்தில நெக் வளைஞ்சு என்னட்டத்தான் வரும். ஜெனிட்டாட மரம் சரியில்லை எண்டுதான் கதைப்பாங்க. முந்தி ஒருத்தருக்குப் பதினொண்டு செஞ்சு குடுத்தன். இப்ப அஞ்சு.”

நான் அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கடையில் மாலு பாண் ஒன்று கடித்தேன். மீனை உள்ளே வைத்துச் சுட்ட முக்கோண ரொட்டி. மிக நன்றாக இருந்தது, அந்த நிலைமையிலும் நான்கு தின்றேன். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கைதட்டியது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒன்பது என்று சொல்லிவிட்டு எட்டோடு போனால்கூட பாஸ்கர் எண்ணுவான். அவன் எண்ணுகிறவன்; ட்ரம்மர்.

சனிக்கிழமை காலை ரெஜியின் வேனில் ஏறினேன். ரெஜி கீபோர்டும் வாசித்துப் பாடவும் செய்வார். ஐம்பது வயது, தொந்தி, பூப்போட்ட சட்டை. என் பட்டுச் சட்டையைத் தடவிப் பார்த்து, “டொக்டர், மாப்பிள்ளை கோவிக்கப் போறான்” என்றார். களனிப் பாலம் தாண்டிப் பேலியகொடையில் ஒரு மீன் லொறிக்குப் பின்னால் அரை மணிநேரம் நின்றோம். லொறியின் ஐஸ் தண்ணீர் காற்றில் தெறித்து ஜன்னல் வழியாக என்மேல் விழுந்தது. ஜெனிட்டா பெட்ஷீட்டில் சுற்றி அனுப்பியிருந்த பேஸை மடியில் அணைத்து முதுகைக் காட்டினேன். பேஸ் தப்பியது. கறுப்புப் பட்டுச் சட்டை அன்று முழுக்கச் சூரை மீன் மணந்தது.

மண்டபத்தில் ஜெனிட்டா முன்பே வந்து காத்திருந்தார், பச்சைச் சேலையில். அது அவருடைய மச்சாளின் மகள் கல்யாணம். தந்திகளில் சாக்பீஸ் குழைசல் பூசி, காயும் வரை ஊதினார். “எந்தக் களவும் வேண்டாம்” என்றார். நான் டாக்டர், என்னைப் பார்த்து இப்படிச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது.

கேக் வெட்டி, ஒயின் கிளாஸ் தூக்கி, பேச்செல்லாம் முடிந்து ரெஜி முதல் பாட்டைத் தொடங்கினார். பைலா, இலங்கைக் கல்யாணங்களில் எல்லோரையும் ஆடவைக்கும் பாட்டு. ஆறு தட்டு, நடுவில் ஒரு துள்ளல். கிழவிகள்கூட எழுந்தார்கள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: நடு நான்கு தானாக உதிரும், தடியன்களைக் கடைசியில் நாலு தட்டுத் தட்டிவிடலாம், மெல்லிய மூன்றைத்தான் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது பாட்டிலேயே ஏழாவது தந்திக்குத் தாவி மேலே பின்னிக்கொண்டு போனேன். நன்றாகவே வாசித்தேன், சத்தியமாக. கண்ணைத் திறந்தபோது, அடியில் பேஸ் இல்லாமல், ஆடியவர்கள் நின்று தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ செருப்புக்கு அடியிலிருந்து பலகையை உருவிவிட்டது போல. ஒரு அம்மா உட்கார்ந்தே விட்டார்.

ரெஜி பாட்டை நிறுத்தாமல், வாயை மட்டும் மைக்கிலிருந்து விலக்கிக் கத்தினார். “டொக்டர்! ஆக்கள் விழப்போறாங்க! கீழ வாங்க, கீழ!”

மைக் பக்கத்தில்தான் இருந்தது. முன்மேசைகளுக்குக் கேட்டது. சிரித்தார்கள். நான்கு வருடம், கடல் தாண்டிய பயணம், பேஸுக்குப் பதினான்கு மாதக் காத்திருப்பு, எல்லாம் சேர்ந்து மறுபடி அந்தத் திருவிழா மேடையில் கொண்டுபோய் நிறுத்தியது. காதெல்லாம் சுட்டது. நடு நான்குக்கு இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, போடு போடு என்று போட்டேன். அந்த அம்மா மறுபடி எழுந்துவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் பேண்டுக்கு வாழையிலைப் பொட்டலம், லம்ப்ரைஸ். சோறு, இறைச்சி, கத்தரிக்காய், சம்பல் எல்லாவற்றையும் இலையில் கட்டிச் சுட்டது. லீவில் இருந்த பேஸ்காரர் விருந்தாளி மேசையில் உட்கார்ந்து மூன்றாவது தடவை கோழி எடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் யாரும் இல்லை. எட்டாவதும் ஒன்பதாவதும் மாப்பிள்ளை வேட்டி மாதிரி வெள்ளையாக நின்றன. பொட்டலத்தோடு கை துடைக்க வந்த பேப்பர் சேர்வியட்டை எடுத்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரிப் போய், இரண்டு தந்தியையும் மேலிருந்து கீழ் வரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்து மீதிச் சோற்றைத் தின்றேன். சோறு நன்றாகவே இறங்கியது. அது இன்னும் கேவலம்.

இடைவேளைக்குப் பிறகு காப்பாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை என்பதால் மனம் லேசாகிவிட்டது. ரெஜி ஒரு பாட்டை முடிக்காமல் அடுத்ததில் கோர்த்து, முக்கால் மணிநேரம் விடாமல் ஓட்டினார். அவர்களுடைய ட்ரம்மர் ஒல்லியான துறைமுகக் கிளார்க். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் தலையாட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவார். நான்கு வருடமாக என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு வரியின் தொடக்கத்தில் யோசிக்காமலேயே கை மேலே போய்த் தடியனை அடித்தது. துணிக்கொடித் தந்தியை.

கிளினிக்கில் சின்ன ஸ்பீக்கரில் அதற்குச் சத்தமே கிடையாது; ஏதோ பக்கத்துத் தெருவில் லாரி போகிற மாதிரி இருக்கும். அந்த மண்டபத்தில் அது தரை வழியாக வந்தது. கேக் மேசையில் கிளாஸ்கள் கிணுங்கின. ஆடியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் “ஹேய்!” என்றார்கள். முன்பு உட்கார்ந்த அதே அம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்து சேலையைச் செருகிக்கொண்டு, “மகன், அதை இன்னொருக்கா அடிங்க!” என்றார். அடித்தேன். இன்னொருக்கா. துறைமுகக் கிளார்க் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாசித்தார். எனக்கு பாஸ்கர் ஞாபகம் வந்தது. நல்ல இடம் வந்தால் அவனும் இப்படித்தான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான், கீழ்வரிசையில் ஒன்று கோணல். சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்தது. மீன் வாடை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தார் ஜெனிட்டா. மலர்ச்சாலைக்கு விடுமுறை கிடையாது. முன்னால் இருந்தவர் என்னைப் பார்த்து எழுந்திருக்கவேயில்லை, தலையை மட்டும் பின்பக்கம் காட்டினார்.

என்னைக் குட்டை ஸ்டூலில் உட்காரவைத்து, டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகத் தந்தி தந்தியாகப் பார்த்தார். ‘ம்’ என்பார், அடுத்ததற்குப் போவார். என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்களின் கஷ்டம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. என்னதான் பார்க்கிறாய் சனியனே, சொல்லித் தொலையேன் என்றிருந்தது.

“தடியன் ரெண்டும் நல்லா உடைஞ்சிருக்கு. நான் நினைக்கவேயில்லை. நடு நாலும் சரி. ஏழாவதில நாலைஞ்சு இடம்.” டார்ச் நகர்ந்தது. “எட்டும் ஒன்பதும் பளிச்செண்டு இருக்கு.”

“பாத்தீங்களா!” என்றேன்.

“விரல் பட்டா ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில வட்டம் வட்டமா உதிரும் டொக்டர். இது மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு.” குனிந்து மூக்கை வைத்தார். “லம்ப்ரைஸ் சம்பல்.”

என் கிளினிக்கில் காத்திருக்கும் அறையின் ஓரத்தில் ஒரு வாஷ்பேசின் உண்டு. ஆறு மாதமாகப் பல்லை எட்டிப் பார்க்காதவர்கள் என் அறைக்குள் வருமுன் அங்கே நின்று விரலால் பரபரவென்று தேய்ப்பார்கள். உள்ளே வந்ததும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். பிடித்துக்கொண்டு வைவேன், பெரிய மனிதர்களைக்கூட. “யாரை ஏமாத்துறீங்க? என் பல்லா, உங்க பல்லா?” என்று கேட்பேன். அந்த வசனம் முழுசாக ஞாபகம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜெனிட்டா வையவில்லை. வைதிருக்கலாம். பேஸைத் திருப்பி, பின்பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வயர்களுக்குப் பக்கத்தில் வெறும் மரம்.

“சாமான் உங்கட. ஒன்பதாவே வேணுமெண்டா ஒன்பதாவே கொண்டு போங்க. இண்டைக்கே பொலிஷ் போட்டுத் தருவன். ஆனா இதுக்குள்ள என்ட பேரை எழுத மாட்டன். இல்லாட்டி ரெண்டைக் கழட்டுவம். ஏழாவதை அப்படியே விடுவம், அது பாவம், கொஞ்சமாவது முயற்சி செஞ்சிருக்கிறீங்க.”

“உங்க பேரு உள்ள இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்.”

பக்கத்து அறையில் தச்சர்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்பது தந்தியையும் ஒரு தடவை பார்த்தேன். எட்டும் ஒன்பதும் எதற்கு? மெட்டும் நானே வாசிக்க. பாடகரும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம் என்பதற்கு. அந்த இரண்டு தந்தியும் நெக்கை இழுத்ததோ இல்லையோ, என்னை நான்கு வருடம் இழுத்துக் கிளினிக்குக்குள் கட்டிப் போட்டிருந்தன. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் சொல்லும் வார்த்தையைச் சொன்னேன்.

“எடுத்துடலாம்.”

ஜெனிட்டா கையை நீட்டி என் தோளில் ஒன்று போட்டார். பலமாகவே போட்டார். பிறகு திருப்புளியை எடுத்தார். இரண்டு கீயும் கழன்று வந்தன. துடைத்து, பஞ்சில் சுற்றிப் பொட்டலமாக என்னிடம் கொடுத்தார். நானும் பேஷண்ட் கேட்டால் பிடுங்கிய பல்லை அப்படித்தான் கொடுப்பேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பேஸ் தயாராக இருந்தது. மூடிக்குள் பென்சிலால் அவர் பெயர். துளை அடைத்த இடம் தடவினால்கூடத் தெரியவில்லை. பெட்டிதான் வில்லங்கம். அளவுக்கேற்ற பெட்டியைப் பக்கத்து அறைத் தச்சர்களே செய்திருந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த முறையில். கறுப்பு மெருகு, பித்தளைக் கைப்பிடி ஆறு, ஓரத்தில் பூ வேலை. தெருவில் நின்று கைகாட்டினால் முச்சக்கர வண்டிகள் வேகம் பிடித்துப் போயின. ஒருவர் மட்டும் நிறுத்தினார், பெட்டியைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு, “சொரி அய்யே”, மன்னிக்கணும் அண்ணே, என்று கிளம்பிவிட்டார். ஒருவழியாக மலர்ச்சாலை வண்டியிலேயே என்னைக் கோட்டை வரை கொண்டுவந்து விட்டார்கள். பின்னால் வந்த பஸ் ஒன்று மரியாதையாக ஹாரன் அடிக்காமல் வந்தது.

ரயிலில் நான் ஏறியதும் பேச்சு நின்றது. நிற்க இடமில்லாத பெட்டியில் என்னைச் சுற்றி இடம் உண்டானது. இரண்டு சிங்களப் பெண்கள், ஆபீஸ் முடிந்து போகிறவர்கள், எழுந்து சீட்டைக் கொடுத்தார்கள். ஒருத்தி கண் கலங்க ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. தொப்பி போட்ட முஸ்லிம் வியாபாரி ஒருவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “பிள்ளைக்கு என்ன வயசு எண்டு கேக்கிறாங்க.”

பெட்டியைத் திறந்தேன். சுற்றி நின்ற கூட்டம் மூச்சு இழுத்துப் பின்னால் சாய்ந்தது, பிறகு மொத்தமாக முன்னால் சாய்ந்தது. கண் கலங்கியவள் நெஞ்சில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்து வெள்ளவத்தை வரை நிறுத்தவில்லை. வியாபாரி தந்திகளை விரலால் எண்ணி, “ஏழு! எல்லாத்தையும் வாசிப்பீங்களா?” என்றார். “இப்ப எல்லாத்தையும்” என்றேன்.

பவானி அக்கா பெட்டியைப் பார்த்ததும் முதலில் வாசலிலேயே மறித்தார். விளக்கம் கேட்டபின் உள்ளே விட்டு, தானே எண்ணினார். “ஏழு. நான் முதல் நாளே சொன்னனான்தானே. பேசாமல் என்னட்டக் கேட்டிருந்தால் சல்லியும் மிச்சம்.” அன்றிரவு சொதி கேட்காமலே மூன்று கிண்ணம் வந்தது.

மதுரைக்கு வந்த மறுநாள் பழைய குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. நான்கு வருடத்தில் பாஸ்கர் என்னைப் பார்த்து எழுதியது அதுதான் முதல் தடவை. ‘வந்துருச்சா? எத்தனை தந்தி?’

ஒன்பது என்று எழுதினேன். அழித்தேன். ஏழு என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில், ‘வந்து எண்ணிப் பாரு. வரும்போது ட்ரம்ஸைக் கொண்டுவா’ என்று அனுப்பினேன். அவன் பார்த்தான். ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. முதலில் பெரிய ட்ரம் இறங்கியது, பிறகு அவன். முடி பாதி போயிருந்தது. உள்ளே வந்து, வணக்கமும் இல்லை மன்னிப்பும் இல்லை, குனிந்து பேஸின் மேல் விரலை வைத்து எண்ணினான்.

“ஏழு. மிச்சம் ரெண்டு எங்கடா?”

மேசை டிராயரிலிருந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். பிரித்து, இரண்டு கீயையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் பேஷண்ட் உட்காரும் ஸ்டூலை ட்ரம்முக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு குச்சியோடு குச்சியைத் தட்டி எண்ண ஆரம்பித்தான்: ஒன், டூ, த்ரீ, ஃபோர்.